கம்பி இறங்கிய பால்கனி: ஒரு கட்டுமானப் பணியின் நிகழ்வு ஆய்வு

ஒரு வீட்டின் முன்பக்கப் பால்கனியில் நடந்த தவறு பற்றிய பதிவு இது. யாருக்கும் காயமில்லை. இடித்துத் திரும்பக் கட்டியதோடு முடிந்தது. எங்கள் தொழிலில் இப்படிப்பட்டவற்றை யாரும் வெளியே பேசுவதில்லை. சிமென்ட் பூசியதும் மறந்துவிடுவார்கள். மறக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் விட்டுவிட்டேன். நான் அந்தக் கட்டடத்தின் வடிவமைப்புப் பொறியாளர். மேற்பார்வையும் என் அலுவலகத்துடையது. தவறில் என் பங்கு சிறியதல்ல.

பின்னணி

ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர், தரைத்தளமும் முதல் மாடியுமாக வீடு கட்ட வந்தார். அவர் கேட்டதில் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கவே இல்லை. முதல் மாடியில், தெருவைப் பார்த்து, தூண் இல்லாத பால்கனி வேண்டும். அந்தத் தெருவில் ஆண்டுதோறும் தேர் வரும். பேரப்பிள்ளைகளோடு மேலே நின்று தேர் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நீளம் 24 அடி, சுவரிலிருந்து வெளியே நீட்டம் 5 அடி. தளத்தின் கனம் சுவரோரம் 6 அங்குலம், நுனியில் 4 அங்குலம்.

கட்டடத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காக ஒன்றை விளக்க வேண்டும். இரண்டு சுவர்களின் மேல் கிடக்கும் சாதாரணத் தளத்தில் பாரம் ஏறும்போது தளத்தின் அடிப்பக்கம் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி அடியில் இருக்கும். ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள, அந்தரத்தில் நீளும் தளத்தில் நிலைமை தலைகீழ். நுனி கீழே இறங்கப் பார்க்கும், மேல்பக்கம் இழுபடும். கம்பி மேலே இருந்தாக வேண்டும். இது கம்பி கட்டும் எல்லாருக்கும் தெரிந்த பாடம். தெரிந்தும் தவறுவதற்குக் காரணம், கான்கிரீட் போடும் நாளில் இருபது பேர் சட்டியோடு அந்தக் கம்பிகளின் மேலேயே நடப்பார்கள் என்பதுதான். மேல்கம்பியைத் தாங்க நாங்கள் ‘சேர்’ என்று சொல்லும் வளைத்த கம்பிகளை அடியில் நிறுத்துவோம். அவை சரியாகக் கட்டப்படாவிட்டால் மிதிபட்டுச் சாயும். மேலே இருக்க வேண்டிய கம்பி நடுவுக்கு இறங்கிவிடும். மேலே கான்கிரீட் மூடிய பிறகு எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது.

இந்தப் பால்கனிக்கு நான் கொடுத்த படத்தில் 10 மி.மீ. கம்பிகள், 150 மி.மீ. இடைவெளியில், தளத்தின் மேல்பரப்பிலிருந்து 30 மி.மீ. மூடலோடு, அதாவது கம்பிக்கு மேல் அவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட் இருக்கும்படி, இருந்தன. கான்கிரீட் எம்25 தரம்.

மூன்று பேர்

தளப் பொறியாளருக்கு வயது இருபத்தெட்டு. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து ஆறு ஆண்டு அனுபவம். நேர்முகத் தேர்வில் நான் கேட்ட அத்தனை கேள்விக்கும் இடைவெளி விடாமல் பதில் சொன்னார். ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ‘இவர் இருந்தால் நான் அடிக்கடி போக வேண்டியதில்லை’ என்று அன்றே முடிவு செய்தேன்.

கம்பி மேஸ்திரிக்கு ஐம்பத்தைந்துக்கு மேல். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இதே வேலை.

மூன்றாவது, பொறியியல் முடித்து நான்கு மாதமே ஆன பயிற்சிப் பொறியாளர். அந்தப் பெண் கவனமானவர், அதிகம் பேசாதவர்.

முதல் இரண்டு மாதம் நான் பார்த்தது, அதை நான் படித்த விதம்

தளப் பொறியாளர் கட்டட வரைபடத்தை யார் முன்னாலும் விரிக்க மாட்டார். இரவில் மனப்பாடம் செய்துகொண்டு காலையில் வெறுங்கையோடு வருவார். அளவு கேட்டால் உடனே சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வீட்டுக்காரர் வந்து நின்றால் குரல் உயரும், பலகை அடிக்கும் சென்ட்ரிங் ஆட்களைத் திட்டுவது கூடும். எம்-சாண்டைப் பற்றி ஆசிரியர் கேட்டபோது, ‘ஆற்று மணலைவிட இரண்டு மடங்கு பலம் ஐயா’ என்றார். அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. நான் பக்கத்தில்தான் நின்றேன், திருத்தவில்லை. ஆசிரியர் நிம்மதியாகத் தலையாட்டியதைப் பார்த்து, வாடிக்கையாளரிடம் இப்படித்தான் பேச வேண்டும்போலும் என்று விட்டுவிட்டேன்.

மேஸ்திரி நேர்மாறு. பிளாஸ்டிக் உறையில் மடித்து வைத்த வரைபடத்தை ஒவ்வொரு தடவையும் எடுப்பார். 16 மி.மீ. கம்பியை இன்னொன்றோடு சேர்க்கும் இடத்தில் மேலொட்டு (இரண்டும் சேர்ந்து செல்லும் நீளம்) எவ்வளவு விட வேண்டும் என்று பயிற்சிப் பொறியாளர் ஒருமுறை கேட்டிருக்கிறார். ‘நாங்கள் வழக்கமாகக் கம்பியின் கனத்தைப்போல் ஐம்பது மடங்கு விடுவோம் அம்மா. இந்த வீட்டுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லி உறையைப் பிரித்தாராம். முப்பது ஆண்டு செய்த வேலைக்கு எதற்கு வரைபடம் என்று பலர் நினைத்திருப்பார்கள். நானும் கொஞ்சம் நினைத்தேன்.

தூண்கள் எழும்பிய வாரத்தில் ஒரு காலை, ஆசிரியரும் நானும் இருக்கும்போதே மேஸ்திரி வந்து நின்றார். ‘சார், நேற்று இரவு படுத்த பிறகு சந்தேகம் வந்தது. காலையில் அளந்து பார்த்தேன். நான்கு தூணில் ரிங் இடைவெளி கூடிப் போயிருக்கிறது. என் ஆள் கட்டியது, நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். அவிழ்த்துக் கட்டித் தருகிறேன்.’ ரிங் என்பது தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம். அரை நாள் வேலை. கூலி கேட்கவில்லை. இதைக் கேட்ட ஆசிரியருக்கு முகம் மாறிவிட்டது. மேஸ்திரி போனதும், ‘இவர் தவறு செய்கிறவர்போல் இருக்கிறதே, பொறியாளர் பார்த்துக்கொள்வார் அல்லவா?’ என்று என்னிடம் கேட்டார். ‘அவர் பார்த்துக்கொள்வார், கவலைப்படாதீர்கள்’ என்றேன்.

இந்தப் பதிவில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். தன் தவறைத் தானே கண்டுபிடித்து, பணம் கொடுப்பவர் முன்னால் சொல்லிவிட்டு, அன்று இரவு நிம்மதியாகத் தூங்கப் போகிற மனிதர் ஒருவர் எதிரே நிற்கிறார். அந்த மனிதரிடமிருந்து எங்கள் நம்பிக்கை விலகி, ஒருபோதும் தவறு சொல்லாதவர் பக்கம் போய்விட்டது. படித்த இரண்டு பேர் சேர்ந்து செய்த பிழை அது.

உடை, அலங்காரம் பற்றியும் சொல்ல வேண்டும். பகட்டு என்றதும் தளப் பொறியாளரின் கறுப்புக் கண்ணாடியும் மடிப்புக் கலையாத சட்டையும் நினைவுக்கு வரலாம். மேஸ்திரியும் அலங்காரப் பிரியர்தான். கல் வைத்த மோதிரம், ஞாயிற்றுக்கிழமை தோறும் துடைத்து மினுக்கும் மோட்டார் சைக்கிள், கான்கிரீட் நாளென்றால் மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுக்கரை வேட்டி. அதில் அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. வந்ததும் வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிட்டு, அழுக்கு லுங்கியோடு கம்பிக்குள் இறங்குவார். மேலே போட்டுக்கொண்டதைக் கழற்றி வைக்க அவரால் முடிந்தது. பொறியாளரால் முடியாமல் போனது சட்டையை அல்ல, ‘எல்லாம் தெரிந்தவர்’ என்ற தோற்றத்தை.

கான்கிரீட் நாள்

நான் அன்று அங்கே இல்லை. வேறு ஊரில் ஒரு கூட்டம். கீழே எழுதுவது மூவரும் பின்னால் தனித்தனியாகச் சொன்னதிலிருந்தும், பயிற்சிப் பொறியாளரின் கைப்பேசியில் இருந்த படங்களிலிருந்தும் சேர்த்தது.

காலையில் பூஜை. ஆசிரியரின் உறவினர்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் இனிப்பு. பொறியாளர் அவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். எட்டு மணிக்குக் கான்கிரீட் கலக்கும் மில்லர் ஓடத் தொடங்கியது. அறைகளின் தளம் முடிந்து பதினொரு மணிக்குப் பால்கனியின் இடது முனைக்கு வந்தார்கள்.

பதினொன்று இருபதுக்கு, இடது பாதி கிட்டத்தட்ட நிரம்பிய நேரத்தில், மேஸ்திரி சேர்கள் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். ‘சார், கம்பி இறங்கிவிட்டது. மில்லரை நிறுத்துங்கள். போட்டதை வழித்துவிட்டு நிமிர்த்திப் போடலாம்’ என்றார். பொறியாளர் உறவினர்களோடு மாடிப்படிப் பக்கம் நின்றிருந்தார். ‘நான் பார்த்துவிட்டேன் மேஸ்திரி, சரியாகத்தான் இருக்கிறது’ என்றார். அவர் பார்க்கவில்லை. காலை ஏழரை மணிக்குப் பார்த்தது மட்டுமே.

மேஸ்திரி இரண்டாம் முறை சொன்னார். மூன்றாம் முறை சொன்னபோது குரல் உயர்ந்திருந்தது. ‘மேஸ்திரிக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை’ என்று பொறியாளர் சொல்ல, இரண்டொருவர் சிரித்திருக்கிறார்கள்.

அந்தச் சொல்லுக்கு மேஸ்திரி பதில் சொல்லவில்லை. எனக்கு இரண்டு முறை போன் செய்தார். கூட்டத்தில் இருந்ததால் நான் எடுக்கவில்லை. பிறகு தன் ஆட்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு, இன்னும் கான்கிரீட் படாத வலது பாதியில் இறங்கி நின்றுகொண்டார். ‘இந்தப் பக்கம் நிமிர்த்திக் கட்டாமல் ஒரு சட்டி விழக் கூடாது’ என்று கத்தினாராம். சட்டி தூக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். இருபது நிமிடத்தில் சேர்களை நிமிர்த்திக் கம்பிக் கட்டு போட்டு, நடக்கப் பலகையும் போட்டுவிட்டு மேலே ஏறினார். வலது பாதி சரியாக விழுந்தது. இடது பாதியைத் தொட அவருக்கு அதிகாரம் இல்லை. மில்லர் பொறியாளர் சொன்னால்தான் நிற்கும்.

நிறைகுடம் தளும்பாது என்பது நம் பழமொழி. அன்று அந்தத் தளத்தில் தளும்பியது நிறைகுடம்தான். கத்தியவர் அவர், மறித்தவர் அவர். பொறியாளர் குரலை உயர்த்தவே இல்லை. சிரித்த முகமாக இருந்தார். அமைதியை உள்ளுறுதியின் அடையாளமாக எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை நான் அதன்பின் விட்டுவிட்டேன்.

பயிற்சிப் பொறியாளரும் சாய்ந்த சேரைப் பார்த்திருந்தார், படமும் எடுத்திருந்தார். வாய் திறக்கவில்லை. அவருடைய மௌனம் பணிவும் அல்ல, அமைதியும் அல்ல. பயம். அவரே பிறகு அந்தச் சொல்லைத்தான் சொன்னார்.

பதினொன்று இருபதுக்கு நிறுத்தியிருந்தால் இழப்பு என்ன? முக்கால் மணி நேரமும், சில மூட்டை சிமென்டும்.

அன்று மாலை

இரவு ஏழு மணிக்கு மேஸ்திரி மறுபடி அழைத்தார். அவர் சொன்னதை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். ‘சார், இடது பக்கம் பன்னிரண்டு அடிக்குக் கம்பி இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். எவ்வளவு என்று தெரியவில்லை. நான் தவறாகவும் இருக்கலாம். முட்டுப் பிரிக்கும் முன்னால் நீங்கள் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.’

உடனே பொறியாளரை அழைத்தேன். ‘நூறு சதவீதம் சரியாக இருக்கிறது சார். நான் பொறுப்பு’ என்றார். கம்பிகளின் படங்களையும் அனுப்பினார். தெளிவான, அழகான படங்கள். காலை ஏழரை மணிப் படங்கள் என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

ஒருவர் ‘நினைக்கிறேன், தெரியவில்லை, தவறாகவும் இருக்கலாம்’ என்கிறார். இன்னொருவர் ‘நூறு சதவீதம்’ என்கிறார். நான் இரண்டாமவரை நம்பினேன். மேஸ்திரியின் ஒவ்வொரு சொல்லும் அளந்து சொல்லப்பட்டது. எதைக் கண்ணால் பார்த்தார், எதை ஊகித்தார், எதை அளக்க முடியவில்லை என்று தனித்தனியே பிரித்துச் சொல்லியிருக்கிறார். ஒரு நல்ல ஆய்வக அறிக்கை அப்படித்தான் இருக்கும். அதையே நான் தயக்கம் என்று வாசித்தேன். எதையும் அளக்காத சொல்லை உறுதி என்று வாசித்தேன்.

ஒரே ஒரு நல்ல முடிவை எடுத்தேன். நான் நேரில் இல்லாமல் பால்கனியை அடியில் தாங்கும் முட்டு ஒன்றைக்கூடப் பிரிக்கக் கூடாது, 21 நாள் முழுவதும் இருக்க வேண்டும் என்று எழுத்தில் அனுப்பினேன். அது மேஸ்திரி மேல் வைத்த நம்பிக்கையால் வந்ததல்ல. வெறும் எச்சரிக்கை.

இருபத்தொன்றாம் நாள்

முறைப்படி நுனியிலிருந்து சுவர் பக்கமாக முட்டுகளைப் பிரிக்கத் தொடங்கினோம். முதலில் வெளி வரிசை. மட்டம் பார்க்கும் டியூப் லெவல் வைத்து இரண்டு முனைகளையும் பார்த்தேன். ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் தெரியவில்லை. அடிப்பரப்பு கண்ணாடிபோல் வந்திருந்தது. ஆசிரியர் கையெடுத்துக் கும்பிட்டார். பொறியாளர் மேஸ்திரியைப் பார்த்து, ‘இப்போது என்ன சொல்கிறீர்கள்?’ என்றார்.

மேஸ்திரி கொஞ்ச நேரம் தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘நான் சொன்னது தவறாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்தான். கம்பி எங்கே இருக்கிறது என்று பார்க்கக் கருவி இருக்கிறதாமே சார், ஒருமுறை வைத்துப் பார்த்துவிடலாமா?’ என்றார். சுற்றி நின்ற எல்லாருக்கும் அது பிடிவாதமாகத்தான் தோன்றியிருக்கும். எனக்கும் ஒரு கணம் தோன்றியது.

அப்போதுதான் பயிற்சிப் பொறியாளர் முன்னால் வந்தார். தன் கல்லூரி ஆய்வகத்தில் கவர் மீட்டர் இருப்பதாகவும், நாளையே கேட்டு வாங்கலாம் என்றும் சொன்னார். பிறகு கைப்பேசியை நீட்டினார். பதினொன்று இருபத்திரண்டு என்று நேரம் பதிந்த படம். சாய்ந்து கிடந்த சேர், அதன் மேல் வயிறு தொங்கியதுபோல் வளைந்த கம்பி. படத்தைப் பார்த்த உடனே வெளி வரிசை முட்டுகளைத் திரும்ப வைக்கச் சொன்னேன்.

கருவி காட்டியது

மறுநாள் ஓர் அடிக்கு ஓர் அளவு என்று எடுத்தோம். வலது பாதியில் கம்பிக்கு மேல் மூடல் 28 முதல் 40 மி.மீ. வரை. இடது பாதியில் 70 முதல் 85 மி.மீ. வரை. உறுதிப்படுத்திக்கொள்ளச் சுவரோரம் இரண்டு இடத்தில் உளி வைத்துக் கொத்திப் பார்த்தோம். ஓரிடத்தில் 78 மி.மீ.

இப்படிப்பட்ட தளத்தின் வலிமை, கம்பிக்கும் தளத்தின் அடிவிளிம்புக்கும் இடையிலுள்ள உயரத்தில் இருக்கிறது. 115 மி.மீ. இருக்க வேண்டிய உயரம் 67 ஆகியிருந்தது. கணக்குப் போட்டால், நான் வடிவமைத்த வலிமையில் பாதியைச் சற்றே தாண்டுகிறது. பால்கனிக்கு விதிப்படி எடுக்க வேண்டிய சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 300 கிலோ) பாரத்தையும் கைப்பிடிச் சுவரையும் சேர்த்துப் பார்த்தால் அது போதாது.

அப்படியானால் வெளி வரிசை முட்டுகளை எடுத்தபோது ஏன் ஒன்றும் ஆகவில்லை? கான்கிரீட்டுக்கே இழுவிசை தாங்கும் திறன் சிறிதளவு உண்டு. வெறும் தளத்தின் எடைக்கு அதுவே போதும், கம்பி வேலை செய்யத் தேவையே வராது. கைப்பிடிச் சுவர் ஏறி, ஆட்கள் நெருங்கி நின்று, சுவரோரம் மேல்பரப்பில் முதல் வெடிப்பு விழும் கணத்தில்தான் இழுவிசை முழுவதும் கம்பிக்கு மாறும். கம்பி அந்த இடத்தில் இல்லையென்றால் தளம் மெல்லத் தொய்ந்து எச்சரிக்காது. திடீரென்று மடங்கும். அந்த வீட்டில் அப்படி ஆட்கள் நெருங்கி நிற்கப் போகிற நாள், தேர் வரும் நாள். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

முடிவுகள், அவற்றின் காரணங்கள்

மூன்று வழிகள் இருந்தன. இடது முனையில் ஒரு தூண் வைப்பது, அடியில் இரும்புத் தாங்கிகள் கொடுப்பது, இடது பன்னிரண்டு அடியை இடித்துத் திரும்பப் போடுவது. தூண் வைத்தால் வாசலை மறைக்கும், ஆசிரியர் கேட்டதே தூண் இல்லாத பால்கனி. இரும்புத் தாங்கி ஆண்டுக்காண்டு துருப் பார்க்க வேண்டிய பொருள். எங்களுக்குப் பின் யார் பார்ப்பார்கள் என்று சொல்ல முடியாது. இடிப்பது என்று முடிவு செய்தோம். செலவு முழுவதும் என் அலுவலகத்துடையது. அதில் ஒரு ரூபாயைக்கூடப் பொறியாளரின் சம்பளத்தில் பிடிக்கவில்லை. அவரைத் தேர்ந்தெடுத்தவன் நான், போனை எடுக்காதவனும் நான்.

கான்கிரீட்டை உடைத்துக் கம்பிகளை வெட்டாமல் வெளியே எடுத்து, உள் தளத்திலும் கொஞ்ச தூரம் கொத்தி, உரிய உயரத்துக்கு நிமிர்த்தினோம். வளைந்து சேதமான இடங்களில் துளையிட்டு எபாக்சி வைத்துப் புதுக் கம்பிகளைப் பொருத்தினோம். எல்லாம் சேர்ந்து ஐந்து வாரம் பிடித்தது. திரும்பப் போட்ட தளம் முதிர்ந்ததும், கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூல் ஐஎஸ் 456:2000 சொல்லும் முறைப்படி பாரச் சோதனை செய்தோம். வடிவமைப்புப் பயன்பாட்டு பாரத்தைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 380 கிலோ வீதம் மணல் மூட்டைகளை 24 மணி நேரம் அடுக்கி வைத்து, தளம் இறங்குவதையும் மூட்டைகளை எடுத்த பிறகு திரும்புவதையும் அளந்தோம். இரண்டு பாதிகளும் தேறின.

பொறியாளரோடு

அளவெடுத்த அன்று மாலை அவரைத் தனியாக அழைத்துப் பேசினேன். முதல் நாள் அவர் சொன்னது, ‘எனக்குத் தெரியாது சார், கவனிக்கவில்லை’ என்பது. நான் மேலே கேட்கவில்லை. மறுநாள் அவரே வந்தார். ‘தெரிந்தது சார். அவர் இரண்டாம் தடவை சொன்னபோதே சந்தேகம் வந்துவிட்டது. நிறுத்தினால் எனக்கு வேலை தெரியாது என்று ஆகிவிடும் என்று பயந்தேன்.’

அவருடைய முதல் வேலையில், ஓர் அளவைச் சரிபார்க்க வரைபடத்தை விரித்தபோது, ‘இதற்குக்கூடப் படம் பார்க்க வேண்டுமா? டிப்ளமோ இவ்வளவுதான்’ என்று மேலதிகாரி கூலியாட்கள் முன்னால் சொன்னாராம். அன்றிலிருந்து அவர் யார் முன்னாலும் வரைபடத்தை விரித்ததில்லை. நான் நேர்முகத் தேர்வில் ரசித்த அந்தத் தயங்காத பதில் ஆறு ஆண்டாக அவர் சுமந்த பயம். அதைச் சம்பளம் கொடுத்து நான் வளர்த்திருக்கிறேன்.

இது அவருடைய செயலை நியாயப்படுத்தாது. ஒரு முதியவரைக் கண் தெரியாதவர் என்று நாலு பேர் முன்னால் சொன்னதற்கு எந்தப் பழைய காயமும் சமாதானம் ஆகாது. ஆனால் வெளியே உப்பியிருக்கும் ஒருவருக்கு உள்ளே தன்மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். இவரிடம் இருந்தது அதற்கு எதிரானது. தான் தவறாகிவிட்டால் தன்னிடம் மிச்சம் எதுவும் இருக்காது என்று அவர் நம்பினார். மேஸ்திரிக்கு அந்த அச்சம் இல்லை. ரிங் இடைவெளித் தவறைச் சொன்ன காலையிலும் அவர் அதே மேஸ்திரிதான். சொன்னதால் எதுவும் குறைந்துபோனதாக அவருக்குத் தோன்றவில்லை. கான்கிரீட் நாளன்று எல்லாரும் சிரித்தபோது அவரால் வேலையை விடாமல் செய்ய முடிந்ததும் அதனால்தான். வருத்தம் இல்லாமல் இல்லை. ‘அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை சார்’ என்று பின்னால் ஒருமுறை சொன்னார்.

பொறியாளரை வேலையிலிருந்து நீக்கவில்லை. ஒன்று மட்டும் கேட்டேன். ஆசிரியரிடம் நடந்ததை அவரே சொல்ல வேண்டும், மேஸ்திரி பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டார். மூன்றாம் நாள் சொன்னார். தலை குனிந்தபடி, ஆனால் எதையும் விடாமல் சொன்னார். ஆசிரியர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மேஸ்திரியின் பக்கம் திரும்பி, ‘நான் உங்களைத் தவறாக நினைத்திருந்தேன்’ என்றார். மேஸ்திரி, ‘கம்பி நிமிர்ந்துவிட்டது ஐயா, விடுங்கள்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவருக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும்.

மாற்றிக்கொண்டவை

கான்கிரீட் தொடங்கும் முன் தளப் பொறியாளர், கம்பி மேஸ்திரி, சென்ட்ரிங் மேஸ்திரி மூவரும் ஓர் அட்டையில் கையெழுத்திட வேண்டும். மில்லரை நிறுத்தும் உரிமை மூவருக்கும் தனித்தனியே உண்டு, பயிற்சியாளருக்கும் உண்டு. டொயோட்டா ஆலைகளில் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம் என்று படித்திருக்கிறேன். எங்கள் சிறிய பணிகளுக்கு அது பொருந்தாது என்று அதுவரை நினைத்திருந்தேன். நிறுத்தியவரிடம் ‘ஏன் நிறுத்தினாய்’ என்று முதல் கேள்வி கேட்கக் கூடாது, ‘என்ன பார்த்தாய்’ என்று கேட்க வேண்டும் என்பதும் விதி. கான்கிரீட் நடக்கும்போது எடுத்த, நேரம் பதிந்த படங்கள் மட்டுமே ஏற்கப்படும். பலகை போடாமல் மேல்கம்பியில் யாரும் நடக்கக் கூடாது. உறவினர்களுக்கு இனிப்பும் பூஜையும் கீழே.

நேர்முகத் தேர்வில் ஒரு கேள்வியை மாற்றினேன். மண் பரிசோதனை அறிக்கை எதையும் காட்டாமல், ‘இந்த மனைக்கு அடித்தளம் எவ்வளவு ஆழம் வைப்பீர்கள்?’ என்று கேட்கிறேன். உடனே எண் சொல்பவர்களும் உண்டு. மண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று சொல்பவர்களும் உண்டு. முன்பு நான் முதல் வகையினரைத்தான் எடுத்திருப்பேன்.

கான்கிரீட் நாட்களில் எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் போனை எடுக்கிறேன்.

பிறகு

பொறியாளர் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் கலையாத சட்டை, எல்லாம் அப்படியே இருக்கின்றன. வீட்டுக்காரர்கள் முன்னால் வரைபடத்தை விரிக்கும்போது இன்னும் கை சற்று அவசரப்படுகிறது. ஆனால் விரிக்கிறார். சில நாள் பழைய குரல் திரும்பி வரும். ஓராண்டில் ஒருவர் முழுவதும் மாறிவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

அடுத்த மழைக்காலத்துக்கு முன் வேறோர் ஊரில் ஒரு மாடித் தளம். கான்கிரீட் பாதியில் இருந்தபோது பயிற்சிப் பொறியாளர் கையை உயர்த்தி மில்லரை நிறுத்தினார். ஒரு விட்டத்தின் ஓரத்தில் மேல்கம்பி குறைவாக இருப்பதாக அவருக்குச் சந்தேகம். கூலியாட்கள் சட்டியை இறக்கி வைத்தார்கள். பொறியாளர் வரைபடத்தை எடுத்து வந்தார். மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கீழே இறங்கி, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு எண்ணினார். எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஒரு கம்பி இன்னொன்றின் பின்னால் மறைந்திருந்ததால் பயிற்சிப் பொறியாளருக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது. ‘சரியாக இருக்கிறது அம்மா. சந்தேகம் வந்தால் இன்னொரு தடவையும் நிறுத்துங்கள்’ என்று மேஸ்திரி சொன்னார். பொறியாளர் மில்லர்காரரைப் பார்த்துக் கையசைத்தார். வேலை தொடர்ந்தது.